அரை ஸ்டாப் குறைத்து

கோனாபட்டில் நாங்கள் நான்காம் முறை வந்து இறங்கியபோது
சாவிக்காரர் சொன்னார்:
"பேய் வந்தாச்சு. ஜெனரேட்டரை எங்க போடச் சொல்ல?"

அடைக்கலம் சிரிக்கவில்லை.
வண்டிக் கதவைச் சாத்துமுன்
லைட் மீட்டரை வானத்துக்கு நீட்டுகிற ஆள்.
பதினாறு வருடம், இருபத்தொரு படம்.
எல்லாவற்றிலும் வேறு யாரோ ஆக்‌ஷன் சொன்னார்கள்.
நான் அவருடைய ஃபோகஸ் புல்லர்.
கதாநாயகிகளின் இமைக்கும் லென்ஸுக்கும் நடுவே
டேப் பிடித்து அளந்ததில்
என் வாலிபம் ஆறடி மூன்றங்குலத் தொலைவில் போயிற்று.

அவர் இயக்கிய முதல் படத்தில்
பேய் அழகாக இருந்தது.
அதுதான் கோளாறு.
முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய இந்தச் சுவர்
எங்கே விளக்கு வைத்தாலும்
இரண்டு பங்காகத் திருப்பித் தந்தது.
வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை.
தோளுக்கு ஒரு கோடு, கூந்தலுக்குக் கொஞ்சம் நீலம்,
கன்னத்துக்கு ஒரு தெர்மாகோல்.
காரைக்குடியில் முதல் காட்சி.
பேய் வந்ததும் பின்வரிசையில் விசில்.
"செம லைட்டிங் மாப்ள" என்றான் ஒருவன்.
இடைவேளையில் முறுக்கு வாங்கினார்.
தின்னாமல், சட்டைப்பைக்குள்ளேயே
படம் முடியும்வரை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவதில் அணைக்கப் பழகினார்.
போடத் தெரிந்தவனுக்கு அது லேசில் வராது.
ஒரு விளக்கை அணைத்துவிட்டு
சுவிட்சில் கை வைத்தபடி பத்து நிமிடம் நிற்பார்,
ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி.
"அரை ஸ்டாப் குறை."
குறைத்தேன்.
"இன்னும் அரை."
"சார், நெகட்டிவ்ல ஒண்ணும் இருக்காது."
"இருக்கும். பயப்படறவன் கொண்டு வருவான்."

அந்தப் படத்தில் பேயே இல்லை.
ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்கால் தடம்,
இரண்டாம் கட்டிலிருந்து முகப்பு வரை.
திரும்பிப் போன தடம் கிடையாது.
(என் கால்தான். முப்பத்தெட்டு டேக். ஒரு வாரம் சளி.)
நூறு நாள் ஓடியது.

மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
தயாரிப்பாளர் மகன் நடித்தான்.

பெரி.நா.மெ. வீட்டுக்குப் பதினேழு பங்கு,
பினாங்கிலிருந்து பள்ளத்தூர் வரைக்கும்.
பதினாறு கையெழுத்து வந்துவிட்டது.
பதினேழாவது ஸ்கூட்டரில் வந்தது:
வள்ளிக்கண்ணு, வங்கியில் காசாளர்,
செத்துப்போன அப்பாவின் பங்குக்கு.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:
"நாலு தலைமுறைப் பெண்களுக்கு
இந்த வளவுலதான் திருப்பூட்டு.
போன தையில என் தங்கச்சிக்கு மண்டபம் பிடிச்சோம்.
மாப்பிள்ளை வீட்ல கேட்டாக,
'அந்த ஈரக்கால் வீட்லயா?'ன்னு."

ஜெனரேட்டர் மட்டும் உறுமியது.
நான் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

அடைக்கலம் மன்னிப்புக் கேட்கவில்லை.
"எத்தனை மணிக்கு முகூர்த்தம் இருந்திருக்கும்?" என்றார்.
"ஒன்பதரை."

மறுநாள் படத்துக்கான வேலை எதுவும் நடக்கவில்லை.
வேனில் இருந்த விளக்கெல்லாம் இறங்கியது.
வளவின் நடுவே ஒன்பதரை மணி வெயில் விழ,
அதன் கூடவே, அது வெட்கப்படாத அளவுக்கு
எங்கள் வெளிச்சத்தைச் சேர்த்தார்.
தேக்குத் தூண்கள், பித்தளைக் குமிழ்கள்,
ஆளில்லாத மணமேடை இடம்.
இருபத்தொரு படத்தில் கற்றதையெல்லாம்
ஒரே ரோலில், நாலே நிமிடத்தில் கொட்டினார்.
எந்தப் படத்துக்கும் அல்லாத ரோல்.
பிரிண்ட் போட்டு அவளுக்கு அனுப்பினார்.

கையெழுத்துப் போட்டாளா என்றால், போட்டாள்.
"வாடகையைக் கூட்டிக் குடுங்க" என்றும் சொன்னாள்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.
அவ்வளவு விளக்கிலும்
வலதுபுறக் கடைசி அறைக் கதவு ஒன்றை
அவர் தொடாமல் விட்டிருந்தார்.
கேமரா அந்தப் பக்கம் திரும்பியபோது
யாரும் சொல்லாமலே
என் கை ஃபோகஸை அங்கே கொண்டு போயிற்று.
இருபத்திரண்டு அடி.
யாரையும் அங்கே நிறுத்தி நான் அளந்திருக்கவில்லை.